மலை விழாத வைகாசி

அன்பு மகனே,

திங்கட்கிழமை காலை நீ மஸ்கெலியாவுக்குப் புறப்படுகிறாய். பையில் எல்லாம் எடுத்து வைத்தாயா என்று கேட்டால் "இருக்கும்மா, இருக்கும்மா" என்கிறாய். எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லாததால் நீ குளிக்கப் போன நேரத்தில் பையைத் திறந்து பார்த்தேன். கம்பளிப் போர்வை இல்லை. இப்போது இருக்கிறது. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது போர்வைக்காக இல்லை. நேரில் எதையாவது சொல்ல ஆரம்பித்தால், பாதியில் "சரிம்மா, அதுக்காக ஜெபிப்போம்" என்று கண்ணை மூடிவிடுகிறாய். கண்ணை மூடிக்கொண்டவனிடம் என்னத்தைப் பேசுவது? கடிதத்தைக் கண்ணைத் திறந்துகொண்டுதான் படித்தாக வேண்டும். நம் சபையில் பிள்ளையை ஊழியத்துக்கு அனுப்பிவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிற தாய்மார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். நீ படித்து முடித்த பிறகு அவர்களுக்கும் இதைக் கொடுக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

நீ ஊழியத்துக்குப் போகிற தேயிலைத் தோட்டத்தில் நம்முடைய ஆட்கள் நாலைந்து குடும்பம்தான். முன்பு அங்கே போன ஊழியரைக் கோயிலடியிலேயே மறித்து, பையைக்கூட இறக்கவிடாமல் வந்த பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பினார்கள். இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆனால் வீட்டில் நாம் இரண்டு பேரும் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. உன்னையும் மறிப்பார்களோ, கை வைப்பார்களோ என்று பயப்படுகிறேன். இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று முந்தாநாள் சோறு போடும்போது வந்தது. "ஒரு வருசத்துல அந்தத் தோட்டத்தையே ஆண்டவருக்குன்னு மாத்திக் காட்டுறேன் பாருங்கம்மா" என்றாய். மாற்றிக் காட்டுகிறவன் நீ என்றால், ஆண்டவர் அங்கே என்ன வேலைக்கு வருகிறார்? உன் பையைத் தூக்கவா?

கோபப்படாதே. உன்னைக் கேலி செய்ய எனக்கு உரிமை இருக்கிறது. உனக்கு ஆர்வம் இருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. உன் அப்பாவுக்கும் இருந்தது. ஆனால் நம் தோட்டத்தில் அந்த வைகாசியில் நடந்ததை நீ ஒரு விதமாகவும் நான் ஒரு விதமாகவும் நினைவில் வைத்திருக்கிறோம். நீ கூட்டங்களில் அதைச் சாட்சியாகச் சொல்வதே இல்லை. தோற்றுப்போன கதை என்று நினைக்கிறாய். நான் அப்படி நினைக்கவில்லை. நீ பஸ் ஏறுவதற்கு முன்னால் என் பக்கத்தைக் கேட்டுவிட்டுப் போ.

உன் மாமாவிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். என் கூடப்பிறந்த அண்ணன், நம் தோட்டத்து மாரியம்மன் கோயில் பூசாரி. எங்கள் அப்பாவுக்குப் பிறகு அந்தப் பொறுப்பு அவருக்கு வந்தது. சபைக்குப் போகிற உன் அப்பாவை நான் கட்டிக்கொண்ட அன்றைக்கு அவர் என்னோடு பேச்சை நிறுத்தினார். ஒரே தோட்டம், ஒரே கடை, ஒரே பாதை. எதிரே வருவார், நான் ஒதுங்கி நிற்பேன், அவர் தேயிலையைப் பார்த்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போவார். ஜெபக்கூடம் கட்ட இடம் கேட்டு உன் அப்பா அலைந்தபோது, கொடுக்கக் கூடாது என்று ஆள் சேர்த்துக்கொண்டு ஆபீசுக்குப் போனவரும் அவர்தான். தோட்டத்து மேனேஜர் தொரை யோசித்துப் பார்த்து, தோட்டத்தின் உச்சியில் தேயிலை பிடிக்காத வெறும் பாறைத் துண்டு ஒன்றைக் கொடுத்தார். உன் அப்பா அந்தப் பாறையில் கடப்பாறை போட்டு அழுத நாட்களும் உண்டு. ஆனால் அவர் இறந்தபோது பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு என் அண்ணன் வந்தார். கல்லறைத் தோட்டத்துக்குள் வரவில்லை. வேலியோரம் நின்று சேலையை அண்ணியிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, எல்லாம் முடியும்வரை அங்கேயே நின்றார். பேசவில்லை. எங்கள் வீட்டு ஆம்பிளைகளின் பாசமே அப்படித்தான், கல்லுக்குள் தேட வேண்டும்.

அந்த வைகாசியில் நீ வேதாகமக் கல்லூரியில் கடைசி வருஷம், விடுமுறைக்கு வந்திருந்தாய். கோயிலில் காப்புக் கட்டியாகிவிட்டது. மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டவர்கள் திருவிழா முடிந்து அதை அவிழ்க்கும்வரை கவிச்சி தொட மாட்டார்கள், தோட்டத்து எல்லையைத் தாண்டி இராத்தங்க மாட்டார்கள். நான் அந்த வீட்டில் பிறந்தவள், எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கரகமும் பாலித்து, அம்மனைக் குடத்தில் இறக்கிக் கோயிலில் வைத்தாகிவிட்டது. அதைத் தனியே விட்டுவிட்டுப் பூசாரி நகர மாட்டார். அப்போதுதான் மழை பிடித்தது. வழக்கமாக ஆனியில் வருகிற மழை அந்த வருஷம் முந்திக்கொண்டு வந்து, விடவே இல்லை. வரிசை வீடுகளான கீழ் லயத்துக்கு மேலே இருக்கிற மலையில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே, ஒரு ஆள் காலை விடக்கூடிய அகலத்துக்கு வெடிப்பு ஒன்று நீளமாக ஓடியிருப்பதைக் கொழுந்து எடுக்கப் போன பெண்கள் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள்.

கிராம சேவகர் குடையோடு ஓடி வந்து, கீழ் லயத்துச் சனம் முழுவதும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்றார். முக்கால்வாசிப் பேர் போய்விட்டார்கள். காப்புக் கட்டியவர்கள் மட்டும் போகவில்லை. கோயிலும் அந்த லயத்துப் பக்கத்திலேயே, அதே வெடிப்புக்குக் கீழேதான் இருந்தது. கிராம சேவகர் கெஞ்சிப் பார்த்தார். உன் மாமா, "காப்புக் கட்டியாச்சுங்க மாத்தயா, எல்லைய தாண்டித் தங்க முடியாது. பொம்பள புள்ளைங்கள வேணும்னா கூட்டிட்டுப் போங்க" என்றார். பெண்கள் அசைவார்களா? அண்ணி, "இவர இங்க விட்டுட்டு நான் அங்க போயி எப்படி இருக்குறது?" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அண்ணனுடைய மருமகள் இடுப்பில் கைக்குழந்தையோடு மாமியாரைப் பார்த்தாள், பிறகு அவளும் உட்கார்ந்தாள். அந்தக் குழந்தையை நான்தான் பிள்ளைக் காம்பராவில் பகல் முழுக்க வைத்திருந்து, தாய் வேலை விட்டு வந்ததும் கையில் கொடுக்கிறவள். அதன் வாய் மணம்கூட எனக்குத் தெரியும். எனக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

அண்ணனுக்கு முன்னால் போய் நின்றேன். "அண்ணே, மேல வாங்க. எங்க கூடத்துக்கு வாங்க. அது எல்லைக்கு உள்ளதான இருக்கு, பாறை மேல இருக்கு" என்றேன். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது. அவர் என் முகத்தைப் பார்க்காமல், "கரகம் இருக்கு பாப்பா" என்றார். பாப்பா என்று அவர் கூப்பிட்டதும், "கரகத்தோட வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டேன். சபையில் யாரையும் கேட்கவில்லை, உன்னையும் கேட்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார். "ஒம் மகன் என்னா சொல்லுவான்?" என்றார். "அவன் எம் மகன்தானே" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

மேலே ஏறி வருவது லேசாகவா இருந்தது? பாதை முழுக்கச் சேறு. தலையில் கரகம், அதைச் சுற்றி வேப்பிலை, மேலே ஒரு பொலிதீன் தாள். இரண்டு பக்கமும் இரண்டு பேர் கை கொடுத்தார்கள். பின்னால் பெண்கள், குழந்தைகள், மூட்டைகள். நீ ஜெபக்கூடத்து வாசலில் நின்றாய். உனக்குப் பின்னால் நம் சபை மூப்பரும் இன்னும் சில விசுவாசிகளும் நின்றார்கள். உன் முகத்தைத் தூரத்திலேயே பார்த்து, இது சரியாக வராது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "மாமா, நீங்க எல்லாரும் வாங்க. அது மட்டும் வெளிய இருக்கட்டும்" என்றாய். அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. "இன்னைக்கு ஆண்டவர் ஒங்களுக்குன்னு ஒரு வாசலத் தொறந்து வச்சிருக்காரு மாமா, அத விட்டுட்டு இதப் புடிச்சுக்கிட்டு நிக்காதீங்க" என்று ஆரம்பித்தாய். மழையில் நனைகிற சனத்துக்கு முன்னால், கூரைக்கு அடியில் நின்றுகொண்டு, பிரசங்கம். குழந்தை அழுதுகொண்டிருந்தது.

உன் மாமா சத்தம் போடவில்லை. நான் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன், அப்படிப் போட்டிருந்தால்கூடத் தேவலை. "தம்பி, நான் ஒண்டிக்கத்தான் எடம் கேட்டு வந்தேன். மழைக்குப் பயந்து தன் சாமிய வாசல்ல போட்டுட்டு வர்றவன் ஒங்க சாமிக்கு எதுக்குப்பா? நாளைக்கு வேற மழை வந்தா அவரையும் போட்டுட்டுப் போயிருவான்" என்றார். சொல்லிவிட்டுத் திரும்பினார். அவர் திரும்பியதும் எல்லாரும் திரும்பினார்கள். குழந்தையை வைத்திருந்தவளும் திரும்பினாள். நான் உன்னைப் பார்த்தேன். பிறகு அவர்களோடு இறங்கினேன். "அம்மா, நீங்க எங்க போறீங்க?" என்று கத்தினாய். "எங்கண்ணன் கூட" என்றேன். நீ அதை என்னுடைய பிடிவாதம் என்று நினைத்தாய். பாதி பிடிவாதம்தான். நான் கீழே இருந்தால் நீ வந்தே தீருவாய் என்று ஒரு கணக்கும் மனசுக்குள் இருந்தது. ஆனால் மீதி, அவர்களை அந்த இடத்துக்கு அனுப்பிவிட்டு நான் மட்டும் பாறையின்மேல் உட்கார்ந்து பாட்டுப் பாட முடியாது.

அதற்குப் பிறகு கீழே நடந்தது உனக்குத் தெரியாது. அண்ணன் கரகத்தைக் கோயிலில் வைத்துவிட்டு அங்கேயே இருந்துகொண்டார். நானும் அண்ணியும் மருமகளும் லயத்துக் காம்பராவில் இருந்தோம். அடுப்படிச் சுவரின் அடியிலிருந்து தண்ணீர் ஊறி வந்தது. முதலில் தெளிவாக வந்தது, கொஞ்ச நேரத்தில் செம்மண்ணாக வர ஆரம்பித்தது. அண்ணி அதை ஒரு சாக்கைப் போட்டு மூடினார், நாம் பார்க்காவிட்டால் அது வராது என்பதுபோல. கதவைச் சாத்தலாம் என்று போனால் நிலையில் இறுகிக்கொண்டு மூட முடியவில்லை. காலையில் நன்றாக மூடிய கதவு. நான் அண்ணியைப் பார்த்தேன், அண்ணி என்னைப் பார்த்தார், இரண்டு பேரும் மருமகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. மேலே எங்கேயோ சின்னக் கற்கள் உருளும் சத்தம் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. ஒவ்வொரு தடவையும் குழந்தையின் தலையை என் கையால் மூடினேன். மலை வந்தால் என் கை என்ன செய்யும்? ஆனாலும் மூடினேன்.

அங்கே உட்கார்ந்து நான் செய்த ஜெபத்தைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊழியக்காரன் ஆகப்போகிறவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். முதலில், ஆண்டவரே மலையைப் பிடித்துக்கொள்ளும் என்றேன். பிறகு, நீர் மலையைப் பிடித்துக்கொண்டால் இவர்கள் உம்முடைய வல்லமையைப் பார்ப்பார்கள், என் அண்ணன் மனம் திரும்புவார் என்றேன். பிறகு, இல்லை, எங்களை வெளியே எடுத்துவிட்டு மலையை விழச்செய்யும், அப்போதுதான் இவர்களுக்குப் புத்தி வரும் என்றேன். கேட்டாயா? பிள்ளைகள் தூங்குகிற காம்பராவின்மேல் மலை விழ வேண்டும் என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டேன். நீ வாசலில் நின்று செய்ததைத்தான் நான் கண்ணை மூடிக்கொண்டு செய்தேன். என் அண்ணன் எந்த வழியாக, எந்த நாளில், எந்தப் பயத்தில் ஆண்டவரிடம் வர வேண்டும் என்று நான் ஆண்டவருக்கே திட்டம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அது தெரிந்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. அதற்குப் பிறகு, மலையும் உம்முடையது, அண்ணனும் உம்முடையவர், இந்தக் குழந்தையும் உம்முடையது, எனக்குப் பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். பயம் போகவில்லை. போய்விட்டது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் போகவில்லை.

வெளிச்சம் மங்குவதற்கு முன்னால் நீ வந்தாய். தலை முதல் கால் வரை சேறு, வழியில் விழுந்து எழும்பியிருக்கிறாய். என்னைத் தேடி லயத்துக்கு வருவாய் என்று நினைத்தேன். நீ நேரே கோயிலுக்குப் போனாய். நான் வாசலில் இருந்து பார்த்தேன். கோயிலுக்குள் போகாமல் படிக்குக் கீழே மழையில் நின்றாய். பிறகு "மாமா, கரகத்தோட வாங்க. நான் பேசுனது தப்பு. கூடத்துல ஒருத்தரும் ஒங்களுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, நானும் சொல்ல மாட்டேன். வாங்க மாமா" என்றாய். அவர் உன்னைப் பார்த்தபடியே நின்றார். நான் மேலே மலையைப் பார்த்தேன். இந்த ஆம்பிளைகள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் அது வந்துவிடுமோ என்று பயந்தேன். கடைசியில் அவர், "புள்ளைங்களத் தூக்குங்க" என்றார்.

இந்தத் தடவை கரகத்துக்குக் கை கொடுத்துக்கொண்டு வந்தவர்களில் நீயும் ஒருத்தன். தொட்டாயா இல்லையா என்று பிறகு மூப்பர் உன்னிடம் விசாரித்தாராம். வழுக்குகிற மனுஷனைத்தான் பிடித்தாய், தலையில் இருந்தது எது என்று பார்த்துக்கொண்டா பிடிப்பார்கள்? கூடத்தின் ஒரு மூலையில் மேசை ஒன்றை ஒதுக்கிக் கொடுத்தோம். அவர்கள் கவிச்சி பட்ட பாத்திரத்தில் சாப்பிட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நம் சபைப் பெண்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், ஆனால் ஒருத்தி தன் வீட்டிலிருந்து புதுச் சட்டி கொண்டுவந்து கொடுத்தாள், இன்னொருத்தி பருப்புக் கழுவினாள். மழை வெறிக்கும்வரை அந்தக் கூடத்தில் அவர்கள் ஒரு பக்கம் கற்பூரம் காட்டினார்கள், நாம் ஒரு பக்கம் ஜெபம் செய்தோம். நீ வழக்கமாகச் செய்கிற ஜெபத்தைச் செய்தாய், அவர்களைக் குறிவைத்து ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. அதை நான் கவனித்தேன். மாமாவும் கவனித்தார்.

மலை விழவில்லை. உனக்கு இன்றுவரை தொண்டையில் நிற்கிற முள் இதுதான். மழை விட்டது, வெயில் வந்தது, எல்லாரும் மூட்டையைக் கட்டிக்கொண்டு கீழே போனார்கள், திருவிழா நடந்தது. மலை விழுந்திருந்தால் நீ உயிர்களைக் காப்பாற்றியவன். விழாததால் ஜெபக்கூடத்தில் கரகத்தை ஏற்றியவன். மூத்த ஊழியர் வந்து உன்னை உட்காரவைத்து, "அதுவும் உள்ள வந்துச்சு, மலையும் விழல, ஒருத்தரும் ரட்சிக்கப்படவும் இல்ல. என்னா தம்பி சாதிச்சீங்க?" என்று கேட்டார். இரண்டு குடும்பம் சபையை விட்டுப் போனது. நீ இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு அந்த ஊழியர்மேல் இருந்த கோபம் இன்னும் முழுசாகத் தீரவில்லை, ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும்.

அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறது. இப்போது நான் சொல்கிறேன், அங்கே போய் மறக்காதே. மலை விழும் என்று தெரிந்தா நீ கதவைத் திறந்தாய்? விழுமா விழாதா என்று உனக்குத் தெரியாது. தெரியாததால்தான் திறந்தாய். மலையைப் பற்றி முடிவு செய்கிறவர் வேறு ஒருவர். என் அண்ணனுடைய உள்ளத்தைப் பற்றி முடிவு செய்கிறவரும் அவரே. அந்த இரண்டையும் அவர் நம் கையில் கொடுக்கவில்லை, கதவை மட்டும் கொடுத்தார். நீ முதலில் வாசலில் நின்று பேசியபோது, இந்த ஒரு சந்தர்ப்பத்தை விட்டால் ஆண்டவருக்கு வேறு சந்தர்ப்பமே கிடைக்காது என்பதுபோலப் பேசினாய். அவரை அவ்வளவு ஏழையாக்கிவிடாதே. அவர் ஆளுகிறார் என்று பாடுகிறோம், கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் அவருக்காக நாம் ஓடிப்போய் ஆளப் பார்க்கிறோம். அப்படி ஆளப் பார்க்கிறவன் சீக்கிரம் களைத்துப்போவான், இல்லாவிட்டால் சனத்தை மிரட்ட ஆரம்பிப்பான். நீ இரண்டும் ஆகக் கூடாது.

அதற்காக வாயை மூடிக்கொண்டு இரு என்று நான் சொல்வதாக நினைக்காதே. சொல்லு. கேட்கிறவனிடம் சொல்லு, கேட்காதவனிடமும் சமயம் பார்த்துச் சொல்லு. இந்தச் செய்தியைச் சொல்லாமல் வைத்திருக்க முடியாததால்தானே போகிறாய். பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகளுக்குப் பால் கரைக்கும் முன்னால் நான் ஒரு நிமிஷம் கண்ணை மூடுவேன். ஒரு தாய் ஒருநாள் "என்னாக்கா முணுமுணுக்குறீங்க?" என்று கேட்டாள். யாரிடம் பேசுகிறேன், அவர் எனக்கு என்ன செய்தார் என்று அவளிடம் சொன்னேன். "நல்லாத்தான் இருக்கு" என்றாள், பிள்ளையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். இன்றுவரை சபைக்கு வந்ததில்லை. ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் "அக்கா, அந்த ஒங்க ஜெபத்தப் பண்ணுங்க" என்று வந்து நிற்பாள். அவள் எங்கே நிற்கிறாள், உள்ளேயா வெளியேயா என்று எனக்குத் தெரியாது. முன்பெல்லாம் அது என்னைத் தூங்கவிடாது. இப்போது அவளை ஆண்டவரிடம் விட்டுவிட்டுப் பால் கரைக்கிறேன். விடுவது சும்மா இருப்பது இல்லை மகனே, அது என் வேலைகளிலேயே கஷ்டமான வேலை. உன்னை விடுவதும் அப்படித்தான் இருக்கிறது.

இதை எழுதும்போது வெளியே மழை பெய்கிறது. அந்த வெடிப்பைக் களிமண் போட்டு அடைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கட்டித் தருவதாகச் சொன்ன வீடுகள் இன்னும் வரவில்லை. அண்ணன் குடும்பம் அதே லயத்தில்தான் படுக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் நான் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன், இந்த மழைக்கும் உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று சாயங்காலம் நீ டவுனுக்குப் போயிருந்தபோது உன் மாமா வீட்டுக்கு வந்தார். வாசலோடு நிற்பவர் நேற்று உள்ளே வந்து உட்கார்ந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். வழக்கம்போல் நானும் கேட்டேன், "அண்ணே, ஒருநாளைக்குக் கூட்டத்துக்கு வாங்களேன்" என்று. வழக்கம்போல் "வேணாம் பாப்பா, விடு" என்றார். நானும் விட்டேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்து, "பய எப்பப் போறான்?" என்றார். "திங்கக்கெழமண்ணே" என்றேன். "அந்தத் தோட்டத்துப் பூசாரி ஒங்கண்ணிக்குச் சித்தப்பா மகன். போன் போட்டுப் பேசிட்டேன்" என்றார். போன ஊழியரைக் கோயிலடியில் மறித்துத் திருப்பியது அந்தப் பூசாரிதான் என்று எனக்குத் தெரியும். "என்னாண்ணே சொன்னீங்க?" என்று கேட்டேன்.

அவர் எழுந்து குடையை எடுத்துக்கொண்டே சொன்னார்: "எந்தங்கச்சி மகன் வர்றான்னு சொன்னேன். அவன் அவங்க சாமியப் பத்திப் பேசுவான், புடிச்சா கேளு, புடிக்காட்டி எந்திரிச்சுப் போயிரு, ஆனா அவன மறிக்காதேன்னு சொன்னேன். மழ புடிச்சு மண்ணு எறங்குற மாதிரி இருந்தா, யோசிக்காத, புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு நேரா அவங்கிட்டப் போ, தெறப்பான்னு சொன்னேன்."

உனக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிற சொல் இது. நீ சொல்லி அனுப்பவில்லை, நானும் சொல்லி அனுப்பவில்லை. போய் வா ராசா.

அம்மா